அரை மார்க் குறைவு

செக்காலை ரோட்டு மெடிக்கல் என்னுடையதல்ல,
அதன் ராத்திரி மட்டும் என்னுடையது.
பதினொன்றுக்கு மேல் வருகிறவர்கள்
கைக்குழந்தையோடு வருவார்கள்
அல்லது வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
நடுவில் கிடைக்கும் நேரத்தில்
பில் மெஷினில் சாய்த்த போனில்
ஒசாகாவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில்
மழை பெய்துகொண்டிருக்கும்.

ஜப்பான்காரர்கள் பதினோரு பாகத்தில் முடித்துவிடுகிறார்கள்.
அதற்குள் நம் சீரியலில்
மாமியார் மாடிப்படி ஏறி முடித்திருக்க மாட்டாள்.
என் முதல் விமர்சனத்தின் முதல் வரி இதுதான்,
மூடிப்போன டானிக் கம்பெனியின் லெட்டர்பேடில்.
படித்தது ஒரே ஆள்.
எதிர் ஆஸ்பத்திரி நைட் சிஸ்டர் ஜெபசெல்வி
பிஸ்கட் வாங்க வந்தவள், நின்றபடி படித்துவிட்டு
"மார்க் போடலியே" என்றாள்.

அன்றிலிருந்து மார்க்.
குடை ரிப்பேர் செய்யும் துப்பறிவாளன்: பத்துக்கு ஏழு.
கொலையாளி யாரென்று மூன்றிலேயே தெரிந்துவிடும்,
ஆனாலும் அவன் வளைந்த கம்பியை நிமிர்த்தும் பொறுமை!
விவாகரத்துக்குப் பிறகும் ஒரே கடையில்
எதிரெதிரே நின்று சோறு கட்டும் இருவர்: எட்டரை.
பள்ளிக்கூட நீச்சல்குளத்தைக் காலி செய்கிறார்கள்,
அவ்வளவுதான் படம், இரண்டே கால் மணி நேரம்.
தூங்கிவிட்டேன். ஒன்பது.

வீட்டுக்காரர் தேனப்பனிடம் சொன்னபோது
"நம்ம வளவுச் சுவரு பூராவும் ஜப்பான் பூக்கல்லுதான்" என்றார்,
அதற்கும் சேர்த்து நான் வாடகை தரவேண்டும் என்பதுபோல.

குறை ஒன்றே ஒன்று, கீழே ஓடும் ஆங்கிலம்.
அவர்கள் பேச்சும் நம்முடையதைப் போலத்தான்,
வினை கடைசியில் வரும்.
பிளாட்பாரத்தில் ஒருவன்
"நான் உன்னை" என்று தொடங்கி
தன் ஷூவைப் பார்க்கிறான், கடிகாரத்தைப் பார்க்கிறான்,
மன்னித்தானா, மறந்தானா,
இன்னும் அவனுக்கே தெரியாது.
அதற்குள் கீழே போட்டு உடைத்துவிடுகிறான்
எவனோ ஒரு மொழிபெயர்ப்பாளன்.

பாராசிட்டமால் அட்டையை நீளமாக வெட்டித்
திரையின் அடியில் ஒட்டினேன்.
முதல் தடவை முகங்களை மட்டும்.
மறு தடவை அட்டையை எடுத்துவிட்டுக் கதையை.
எல்லா விமர்சனத்திலும் இதற்கென்று அரை மார்க் குறைத்தேன்.
"பாவம், நடிச்சவங்க என்ன பண்ணுவாங்க" என்பாள்.

அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
பெண்கள் வார்டில் ஆறாம் கட்டில், சர்க்கரைப் புண்,
தூக்கம் வராத அமராவதிபுதூர் அம்மா,
அவருக்குச் சொல்வதற்காகத்தான் படிக்கிறாளாம்.
வார்டுக்குள் போனதும்
சோற்றுக்கடை வெள்ளைப் பணியாரக் கடையாகிவிட்டது.
குடைக்காரனுக்கு ஒரு தங்கச்சி முளைத்துவிட்டாள்.
எனக்குக் கோபம்தான் வந்தது.
விடியற்காலை ஷட்டரை இறக்கும்போது தோன்றியது,
தங்கச்சி இருந்திருந்தால் எட்டு போட்டிருப்பேன்.

போன வியாழக்கிழமை யூனிஃபார்ம் இல்லாமல் வந்தாள்.
"மானாமதுரைக்கு மாத்திட்டாங்க. திங்கக்கெழம ஜாயின் பண்ணணும்."
ஒரு பஞ்சு ரோல் கேட்டாள்,
ஆஸ்பத்திரி நிறையப் பஞ்சு வைத்திருப்பவள்.
"நீங்க எழுதுறத நான்" என்றாள்.
இருமல் மருந்து வரிசையைப் பார்த்தாள்.
சில்லறை டப்பாவைப் பார்த்தாள்.
பைக் ஒன்று வந்து நின்றது, குழந்தைக்குக் காய்ச்சல்.
எடை கேட்டு, எத்தனை சொட்டு என்று அட்டையில் எழுதிக் கொடுத்து
நிமிர்ந்தபோது
ரோட்டின் அந்தப் பக்கம் போயிருந்தாள்.
கீழே ஒரு வரியும் ஓடவில்லை.

நேற்று ராத்திரி புது சிஸ்டர் வந்தாள்,
பெயர் கேட்கவில்லை, பிஸ்கட் வாங்கவில்லை.
"ஆறாம் நம்பர் அம்மா கேக்கச் சொன்னாங்க,
அந்தக் குடைக்காரரோட தங்கச்சிக்கு
கடைசியில என்னதான் ஆச்சாம்?"

லெட்டர்பேடில் மூன்று தாள் மிச்சம்.
"அந்தத் தங்கச்சி" என்று எழுதிவிட்டு
பேனாவைப் பார்க்கிறேன்,
ரோட்டைப் பார்க்கிறேன்.